துண்டுக்கு அடியில்

சித்திரை மாதத்தில் காங்கேயம் பக்கம் வருகிறவர்கள் கண்ணபுரத்து மாட்டுச் சந்தையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. மாரியம்மன் கோயில் தேரை ஒட்டிக் கூடுகிற சந்தை அது. மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்தை வைத்தே பெயர் சொல்லப்படும் எங்கள் ஊர் மாடுகள், கொம்புகள் இரண்டும் பிறைபோல் வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொடப் பார்க்க, வரிசை வரிசையாக நிற்கும். வெயிலும் புழுதியும் பொறுக்கக் கூடியவர்களுக்கு அதைவிட நல்ல கண்காட்சி கிடையாது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் தாய்மாமனோடு முதன்முதலாக அங்கே போனேன். மாமா மாட்டுத் தரகர். அன்று நான் மாடுகளைப் பார்த்ததைவிட மாமாவின் தோள் துண்டைத்தான் அதிகமாகப் பார்த்தேன். ஒரு வியாபாரி அருகில் வந்தார். சௌக்கியம் விசாரித்துக்கொண்டார்கள். பிறகு மாமா துண்டை எடுத்து இரண்டு பேருடைய வலக்கைகளின் மேலும் போர்த்தினார். வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. துண்டுக்கு அடியில் விரல்கள் விலையைப் பேசிக்கொண்டிருந்தன. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. கையை முழுவதும் பிடித்தால் ஐந்து. நூறா, ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். வியாபாரி தலையை ஆட்டுவார், கையை உதறுவார், மறுபடி நீட்டுவார். சுற்றிலும் இருபது பேர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியாது.

"ஏன் மாமா, வாயிலே சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"இந்த மாட்டுக்கு இவரு குடுக்கற வெலை இவருக்கும் எனக்கும் உள்ள பேச்சு, மாப்ளே. அதை ஊரு எதுக்குக் கேக்கோணும்?" என்றார்.

பிற்காலத்தில் இணையத்தையும் அதில் மனிதர்கள் காக்கப் படாத பாடு படும் அந்தரங்கத்தையும் பற்றி எத்தனையோ பக்கங்கள் படித்தேன். மாமாவின் அந்த ஒரு வாக்கியத்துக்கு மேலே அவர்கள் எதைச் சொல்ல வருகிறார்கள் என்று பல சமயம் எனக்குத் தோன்றியதுண்டு. ஒளிக்கிறவன் எல்லாம் திருடன் என்ற எண்ணம் நம்மிடையே மெத்தப் படித்தவர்களிடம்தான் அதிகமாக இருக்கிறது. சந்தைக்காரனுக்கு அந்த மயக்கம் கிடையாது. துண்டைப் போர்த்துவது மரியாதையான காரியம். போர்த்தாமல் பேசுகிறவனைத்தான் சந்தேகிப்பார்கள்.

நம் இலக்கணக்காரர்களும் இதை அறிந்தே இருந்தார்கள். நன்னூல் செய்த பவணந்தி முனிவரை எங்கள் பக்கத்துக்காரர் என்றே சொல்வோம். பெருந்துறைக்கு அருகில் உள்ள சீனாபுரத்தைக் காட்டுவார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த நூலில் 'குழூஉக்குறி' என்று ஒரு வழக்கு வருகிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் இட்டு வழங்குவது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்பது உரைகாரர் காட்டும் உதாரணம். திருட்டுப் பாஷை என்று அதை ஒதுக்காமல், தகுதி வழக்கு என்ற தலைப்பின் கீழ் சேர்த்து வைத்தார்களே, அதைக் கவனியுங்கள். வடமொழிக் காமசூத்திரமும் கற்க வேண்டிய அறுபத்து நான்கு கலைகளில் சங்கேத எழுத்தை ஒன்றாகக் கணக்கிடுகிறது. ஜூலியஸ் சீசர் எழுத்துக்களை மூன்று இடம் தள்ளி வைத்துக் கடிதம் எழுதினாராம். சீசருக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டு நாளில் அவிழ்த்துவிடுவார்கள்.

சர்க்கார் தபால் வந்தபிறகுதான் கதை மாறிற்று. 1879-இல் கால் அணாவுக்குத் தபால் கார்டு வந்தது. கல்யாணமும் கருமாதியும் கடன் பாக்கியும் அதில்தான் எழுதப்பட்டன. எழுதியவர் கையிலிருந்து பெறுகிறவர் கைக்கு வருவதற்குள் எத்தனை கண்கள் அதன்மேல் மேய்ந்தன என்பதை ஆண்டவன்தான் அறிவான். படிக்கத் தெரியாத வீடுகளில் தபால்காரரே வாசித்தும் காட்டுவார். ஆகவே ஊரில் யாருக்கு எவ்வளவு கடன் என்பது அவருக்கு மனப்பாடம். 1950-இல் இன்லண்டு கடிதம் வந்தபோது ஜனங்களுக்குப் பெரிய நிம்மதி. ஒட்டி அனுப்பலாம் அல்லவா? எங்கள் அம்மிச்சி அதையும் நம்பமாட்டார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள் என்று சொல்லி, பண விஷயத்தை மட்டும் எழுதாமல், "மற்றவை நேரில்" என்று முடிக்கச் சொல்வார்.

தந்தி இன்னும் வேடிக்கை. வார்த்தைக்கு வார்த்தை காசு என்பதால் வியாபாரிகள் சங்கேதப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லில் அடைத்து அனுப்பினார்கள். சிக்கனமும் ஆயிற்று, ரகசியமும் ஆயிற்று. ஆனால் தந்திக் கம்பி சர்க்காருடையது. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம், பொது ஆபத்து என்று கருதினால் எந்தச் செய்தியையும் இடைமறித்துப் பார்க்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்குக் கொடுத்தது. வெள்ளைக்காரன் போனான், சட்டம் இருந்தது. தந்தியே 2013 ஜூலையில் போய்ச் சேர்ந்தது. அப்போதும் சட்டம் இருந்தது. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றினார்கள். இடைமறிக்கும் அதிகாரம் மட்டும் புது வேட்டி கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அந்தரங்கம் என்று ஓர் உரிமை இந்தியனுக்கு உண்டா என்ற கேள்விக்கு, 1954-லும் 1962-லும் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகள், அரசியல் சாசனம் அப்படி ஒன்றைத் தரவில்லை என்ற பக்கமே சாய்ந்தன. நடுவிலே 1994-இல் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையைப் பத்திரிகை வெளியிடலாமா என்ற விவகாரத்தில், தன் பாட்டுக்கு விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்லிற்று. சந்தேகத்துக்கு இடமில்லாமல் தீர்த்து வைத்தது 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி. ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். ஆதார் அட்டையை எதிர்த்து அந்த வழக்கைத் தொடுத்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. மனுப் போட்ட 2012-இல் அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. வயதானவர்களுக்கு இந்த விஷயங்கள் புரியாது என்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இனிக் கம்ப்யூட்டருக்கு வருவோம். கடவுச்சொல் என்ற சனியன் பிறந்த இடம் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கலாசாலை. 1960களின் ஆரம்பத்தில் அங்கே ஒரு பெரிய யந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொண்டு உபயோகிக்கும் முறையைப் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவர் அமைத்தார். ஒருவர் கோப்பை மற்றொருவர் புரட்டக் கூடாதே என்பதற்காக ஆளுக்கு ஒரு சொல் வைத்தார்கள். வெகு நாள் தாங்கவில்லை. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குத் தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிடும்படி யந்திரத்துக்குச் சீட்டுக் கொடுத்தார். அதுவும் சமர்த்தாக அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. சில வருஷங்கள் கழித்து இன்னொரு கூத்து. யந்திரத்தில் நுழைகிறவர்களை வரவேற்கும் அன்றைய அறிவிப்பும் கடவுச்சொல் பட்டியலும் இடம் மாறிப்போய், நுழைந்தவர் எல்லாருக்கும் எல்லாருடைய சொல்லும் வரவேற்பாகக் காட்சி தந்தது! கோர்பட்டோ கடைசிக் காலத்தில், தம் கடவுச்சொற்களைத் தாமே நினைவில் வைக்க முடியாமல் மூன்று பக்கத் தாளில் குறித்து வைத்திருப்பதாக ஒரு பத்திரிகை நிருபரிடம் ஒப்புக்கொண்டார். அதைப் படித்த நாள் முதல் எனக்கு அவர்மீது தனிப் பிரியம்.

உண்மையான அதிசயம் 1976-இல் நடந்தது. விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மேன் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை ரகசியம் பேச வேண்டுமானால் இருவரும் முன்கூட்டியே ஒரு சாவியைக் கை மாற்றிக்கொள்ள வேண்டும். சேனைகள் சாவிப் புத்தகங்களைப் பெட்டியில் பூட்டி ஆள் மூலம் அனுப்பின. பெட்டி பறிபோனால் யுத்தமே பறிபோகும். இவர்கள் சொன்னது என்னவென்றால், முன்பின் பார்த்திராத இரண்டு பேர், ஊர் முழுவதும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, உரக்கப் பேசியே ஒரு ரகசியத்தைத் தமக்குள் உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது. அதாவது, துண்டே இல்லாமல் துண்டுக்குள் பேரம்!

எனக்கும் கணக்குக்கும் காத தூரம். இருந்தாலும் புரிந்த மட்டில் சொல்கிறேன். எங்கள் காங்கேயத்தில் களம் களமாகக் கொப்பரை காய்கிறது. கொப்பரையைச் செக்கில் இட்டால் எண்ணெய் வரும். எண்ணெயைக் கையில் கொடுத்து இது எந்தக் கொப்பரை என்று கேட்டால் பிரம்மாவாலும் சொல்ல முடியாது. கணக்கிலும் அப்படி ஒருவழிச் செக்குகள் உண்டு. இருவரும் ஆளுக்கொரு எண்ணை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, ஊரறிந்த ஒரு எண்ணோடு சேர்த்துச் செக்கில் ஆட்டி, வந்ததை உரக்கச் சொல்கிறார்கள். எதிராளி சொன்னதை எடுத்துத் தம் மனத்திலுள்ள எண்ணோடு மறுபடி ஆட்டுகிறார்கள். இருவருக்கும் ஒரே விடை வருகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் ஊருக்கு வெறும் பிண்ணாக்குத்தான் மிஞ்சும். இதைப் பிரிட்டிஷ் சர்க்காரின் ரகசிய இலாகாவில் எல்லிஸ், காக்ஸ், வில்லியம்சன் என்ற மூவர் சில வருஷங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்களாம். ரகசியத்தைக் காப்பது எப்படி என்ற ரகசியத்தை 1997 வரையில் வெளியே சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை.

இன்று நாம் பாங்கிக்கு அனுப்பும் எண்ணும், பேரனுக்கு அனுப்பும் படமும் இத்தகைய செக்குகளில் புகுந்துதான் போகின்றன. 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் செய்திகள் முழுவதும் இப்படியே பூட்டப்பட்டு வருகின்றன. நடுவில் இருக்கும் கம்பெனிக்கும் படிக்க முடியாது.

படிக்க முடியாது என்பதே வழக்காயிற்று. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு மனுக்கள் வந்தன. இணையத்தில் பெண்களைத் தூற்றுகிறவர்களையும் வதந்தி கிளப்புகிறவர்களையும் பிடிக்க, ஒவ்வொரு கணக்கையும் ஆதாரோடு பிணைக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஆதாரைப் பிணைக்கும் யோசனையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் ஒரு செய்தியை முதலில் கிளப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் காமகோடி, உண்டு, செய்தியோடு கிளப்பியவரின் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பலாம் என்று 2019-இல் எழுதிக் கொடுத்தார். பூட்டையே உடைக்கிற காரியம் அது என்று வாட்ஸ்அப் மறுத்தது. அவ்வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தன்னிடம் மாற்றிக்கொண்டது. 2021-இல் மத்திய சர்க்கார் விதியாகவே போட, கம்பெனி டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று.

இதில் என் மனம் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. மனுப் போட்டவர்களின் கோபம் பொய்யல்ல. இருபது வருஷங்களுக்கு முன் சென்னையில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். ஒரு பெண்மணியின் பெயரில் யாரோ மின்னஞ்சல் கணக்கு ஒன்றைத் திறந்து, அவளே அழைப்பது போல ஆபாசச் செய்திகளை யாஹூ குழுவில் பரப்பினார்கள். அவளுடைய தொலைபேசி எண்ணையும் சேர்த்து. முகம் தெரியாதவர்கள் எல்லாம் அவளுக்குப் போன் செய்யலானார்கள். 2004 பிப்ரவரியில் அவள் போலீசில் புகார் கொடுத்தாள். செய்தது யார்? குடும்பத்துக்கு வேண்டியவன். அவளை மணக்க விரும்பி முடியாமற் போனவன். பம்பாயில் அவனைப் பிடித்தார்கள். 2004 நவம்பர் 5-ஆம் தேதி எழும்பூர் நீதிமன்றம் அவனுக்கு இரண்டு வருஷம் கடுங்காவல் விதித்தது. 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் இந்தியாவில் முதலாவதாகத் தண்டனை விதிக்கப்பட்டது இந்த வழக்கில்தான் என்பார்கள். அங்கே பூட்டு எதையும் அவன் உடைக்கவில்லை. அவள் பெயரைப் போர்த்திக்கொண்டான், அவ்வளவுதான். யார் பேசுகிறார்கள் என்று யாருமே கேட்கவில்லை.

இப்போது மாமாவிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. எழுத எனக்கு மனமில்லை; ஆனாலும் அவரே, "எழுது மாப்ளே, நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்," என்று சொல்லிவிட்டார்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. தரகை விட்டுவிட்டார். அவர் மகன் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் செய்தி பார்ப்பார், வாட்ஸ்அப்பில் மாடுகளின் படம் பார்ப்பார். சென்ற வருஷம் கொப்பரை விற்ற பணம் பாங்கியில் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. பாங்கியிலிருந்து பேசுவதாகக் குரல் சொல்லிற்று. மரியாதையான குரல், "ஐயா" என்றது, அவர் பெயரையும் கணக்கின் கடைசி நாலு எண்களையும் சொல்லிற்று. விவரங்களைப் புதுப்பிக்காததால் இன்று சாயங்காலம் கணக்கு முடங்கிவிடும் என்றும், வருகிற ஆறு எண்களைப் படித்துச் சொன்னால் சரிசெய்து விடுவதாகவும் சொல்லிற்று. மாமா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, நிதானமாகப் படித்துச் சொன்னார். எண்பத்தாறாயிரம் ரூபாய் போயிற்று.

நாற்பது வருஷம் சந்தையில் ஒரு விரலை ஊருக்குக் காட்டாத மனிதர்!

இரண்டு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவமானம். மூன்றாம் நாள்தான் அத்தை எனக்குச் சொன்னாள். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்திருந்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். அந்த இரண்டு நாள் வெட்கம்தான் திருடனுக்குப் பெரிய உபகாரம் செய்தது. நான் பாங்கிக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். ரிசர்வ் பாங்கியின் 2017-ஆம் வருஷத்துச் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். வெளியார் குற்றத்தால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் ரகசிய எண்ணை அவரே சொல்லிக் கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரையில் போனது அவர் தலையில். அதாவது, பூட்டு நன்றாகத்தான் இருந்தது. சாவியை நீங்கள் கொடுத்தீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மீது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தச் சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, படித்தவன் என்ற தோரணையில் அவருக்கு உபதேசம் செய்யத் தொடங்கினேன். சந்தையில் அத்தனை ஜாக்கிரதையாக இருந்தவர் இங்கே எப்படி ஏமாந்தீர்கள் என்று கேட்டும் விட்டேன்.

மாமா வெகு நேரம் பேசவில்லை. பிறகு தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"துண்டுக்குள்ளே இருக்கற கை யாரு கைன்னு எனக்குத் தெரியுமல்லொ மாப்ளே. ஆளு எதிர்த்தாப்பிலே நிக்கறான். அவங்கப்பனையும் தெரியும். இதுலே துண்டு மட்டுந்தான் இருக்குது. கை யாருதுன்னு நான் எங்கே போய்ப் பாக்கறது?"

டிஃபி, ஹெல்மேன் இருவரின் முறையில் உள்ள குறையும் இதுவேதான் என்பதை நான் பிற்பாடு படித்தேன். ஒட்டுக் கேட்பவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நடுவில் ஒருவன் நின்றுகொண்டு, இவரிடம் அவராகவும் அவரிடம் இவராகவும் நடித்தால், இருவருமே அவனோடு வெகு பத்திரமாக ரகசியம் பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் பாங்கியின் இணையப் பக்கத்துக்கு யாரோ ஒரு பெரிய மனிதர் சாட்சிப் பத்திரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பிலும் ஒவ்வொரு நண்பருக்கும் அறுபது இலக்கம் கொண்ட ஒரு எண் உண்டு. இருவரும் நேரில் உட்கார்ந்து அதை ஒத்துப் பார்த்தால் நடுவில் ஆள் இல்லை என்று தெரியும். நான் விசாரித்த வரையில் எங்கள் ஊரில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. நானும் இந்தக் கட்டுரைக்காகத்தான் முதல்முறை பார்த்தேன்.

பணம் திரும்பவில்லை. மாமாவிடம் ஒரு மாற்றம் மட்டும் வந்திருக்கிறது. போன மாதம் கிணற்று மோட்டார் பழுதுக்காக அவருக்குக் கொஞ்சம் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. புதிதாக வாங்கிய வேறொரு எண்ணிலிருந்து கூப்பிட்டு, கணக்கு விவரம் கேட்டேன்.

"நீ யாரு?" என்றார் மாமா.

"நான்தான் மாமா, உங்க மாப்பிள்ளை. என் குரல் தெரியலையா?"

"கொரலெல்லாம் இப்பச் செஞ்சு குடுக்கறாங்களாம். உங்க அப்பிச்சி ஊட்டு மயிலைக் காளைக்கு எந்தக் கொம்பு ஒடிஞ்சிருந்துது, சொல்லு பாக்கலாம்."

எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. இடது என்று சொன்னேன். மாமா போனை வைத்துவிட்டார்.